அண்ணாச்சிக்கு வயிறு வலிக்கவே இல்லை

நான் வேலை பார்த்து ரிட்டயர் ஆன தென்காசி ஆஸ்பத்திரியில் இப்போது புதிதாக ஒரு பேனர் கட்டியிருக்கிறார்கள். ‘சீசன் ஸ்பெஷல் முழு உடல் பரிசோதனை, மூத்த குடிமக்களுக்கு மட்டும்.’ குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் போகிற போக்கில் உடம்பையும் காட்டிவிட்டுப் போகலாமாம். படத்தில் அருவி கொட்டுகிறது. அடியில் ஒரு தாத்தாவும் பாட்டியும் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிறார்கள். இரண்டு பேருக்கும் நாற்பது வயதுகூட இருக்காது. தலைக்கு மட்டும் வெள்ளை அடித்திருக்கிறார்கள்.

சுகர் உண்டு, பிரஷர் உண்டு, இசிஜி உண்டு, கண், பல், பாதம் எல்லாம் உண்டு. கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி: ‘வயிற்று வலி உள்ளவர்கள் மட்டும் வயிற்று டாக்டரைப் பார்க்கவும்.’

அதைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. போனைப் போட்டு, இப்போது அங்கே இருக்கிற ஜூனியர் பிள்ளையைப் பிடித்தேன். “ஏட்டி, இதை எழுதுனது எந்தப் புண்ணியவான்?” என்றேன். “மார்க்கெட்டிங்ல இருந்து எழுதிருக்காங்க அக்கா. நீங்க ஏன் சத்தம் போடுதீங்க? உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க, எங்க நர்ஸுங்க மலர்ல போடுதோம்” என்றாள். வாயை அடைக்க நல்ல வழி. சரி, எழுதுகிறேன்.

நான் நர்சிங் படித்த கதையைச் சொன்னால் உங்களுக்கும் கொட்டாவி வரும், எனக்கும் வரும். படித்தேன், பாஸானேன், பிரசவ வார்டில் நின்றேன், பிறகு எண்டோஸ்கோப்பி அறையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் அதற்கு ‘வயித்து ரூம்’ என்று பெயர். வாய் வழியாகக் குழாயை விட்டு வயிற்றுக்குள் பார்க்கிற இடம். வேறு யாரும் அங்கே போக மாட்டேன் என்று சொன்னதுதான் எனக்கிருந்த விசேஷத் தகுதி. ரிட்டயர் ஆகும்வரை அங்கேயே இருந்துவிட்டேன். ஊரில் பெரிய மனிதர்கள் எல்லாரையும் நான் உள்ளே பார்த்திருக்கிறேன். வெளியே இருக்கிற பவிசு உள்ளே கிடையாது.

எங்கள் டாக்டர் அச்சன்புதூர்க்காரர். மெலிந்த ஆள், அதைவிட மெலிந்த குரல். கோபம் என்கிற சாமானே அவரிடம் கிடையாது. அந்த இலாகாவை முழுக்க என்னிடம் விட்டிருந்தார். நோயாளிக்கு எதிரே ஒரு முக்காலியைப் போட்டு, அவர்கள் கண்ணுக்கு நேராக உட்கார்ந்துதான் பேசுவார். ‘என்ன சாப்பிட்டீங்க?’ என்று ஒருநாளும் கேட்டதில்லை. ‘என்னெல்லாம் முழுங்குனீங்க?’ என்றுதான் கேட்பார். சேர்ந்த புதிதில், ஏன் சார் இப்படி என்றேன்.

“சாப்பிட்டதைக் கேட்டா இட்லியைச் சொல்லுவாங்க சிஸ்டர். மாத்திரையை யாரு சாப்பாட்டுல சேக்குதா?”

வயதானவர் யார் வந்தாலும், வீட்டில் இருக்கிற மாத்திரைகளை மொத்தமாக ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்வார். ஜவுளிக்கடைப் பையில் வரும். அவர் அதை ஸ்டீல் ட்ரேயில் கொட்டி, எது எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். அவசரமே படமாட்டார். வெளியே வரிசை நிற்கும், நான் பல்லைக் கடிப்பேன், அவர் பாட்டுக்கு ஒரு பாதி அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்துக்கொண்டிருப்பார்.

அந்த அறையில் எனக்கு முதலில் புரியாமல் இருந்த விஷயம் ஒன்று. இளவட்டப் பையன் ஒருவன் பரோட்டாவும் சால்னாவும் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவான். ‘யம்மா செத்தேன்’ என்று ஆஸ்பத்திரியையே இரண்டாக்குவான். குழாயை விட்டுப் பார்த்தால் உள்ளே லேசாகச் சிவந்திருக்கும், அவ்வளவுதான். அதே நாளில் எழுபத்தைந்து வயதுக்காரர் ஒருவர், ‘மகன் சொன்னான்னு வந்தேன், எனக்கு ஒண்ணும் இல்லை’ என்று சிரித்துக்கொண்டு படுப்பார். உள்ளே பெருவிரல் நுழைகிற மாதிரி புண் இருக்கும்.

டாக்டர் ஒருநாள் விளக்கினார். “வயித்துக்குள்ள வழவழன்னு ஒரு பூச்சு இருக்குல்லா சிஸ்டர், அதுதான் அமிலத்துக்கிட்ட இருந்து காப்பாத்துது. வயசாக ஆக அது மெலிசாயிரும். அடியில ஓடுற ரத்தமும் குறையும். சின்னப் பையனுக்குக் கீறல் விழுந்தா சீக்கிரம் மூடிக்கிடும். நம்மளுக்கு மூட நாளாகும், அது மூடுறதுக்குள்ள அடுத்த மாத்திரை வந்து விழும். இதுல பெரிய கூத்து என்னன்னா, வலியைச் சொல்லுற நரம்பும் பாதி ரிட்டயர் ஆயிருக்கும்.”

“அப்ப எப்படி சார் தெரியும்?”

“தெரியாது. மயங்கி விழும்போது தெரியும்.”

இனி நம் குற்றாலத்து வைத்திய முறைக்கு வருகிறேன். அருவியில் குளிக்க வயிறு காலியாக இருக்க வேண்டும், குளித்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். சரி, குளிக்கட்டும். ஆனால் படி ஏற முட்டி ஒத்துழைக்காது. அதற்கு மெடிக்கல் ஷாப்பில் ‘செட்டு’ மாத்திரை உண்டு. சிவப்பில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, வெள்ளையில் ஒன்று, பொடிக் கவரில் போட்டு மடித்துத் தருவார்கள். பெயர் கிடையாது, சீட்டுக் கிடையாது. வலி பறந்துபோகும். அது முட்டிக்குப் போகிற வழியில் வயிற்றின் பூச்சைச் சுரக்கவிடாமல் செய்துவிட்டுத்தான் போகும் என்று கவரில் யார் எழுதுவார்? ஆக, விடிந்ததும் வெறும் வயிற்றில் பால் விடாத கட்டங்காப்பி, அதோடு ஒரு செட்டு, பிறகு எண்ணெய் மாலிஷ், பிறகு அருவி. சோறுதான் கூடாது, மாத்திரை கூடும்.

இதற்கு மேல் லேகியம். உடம்பில் வருஷம் பூராவும் சேர்ந்த அழுக்கை அருவி வெளியே இருந்தும் லேகியம் உள்ளே இருந்தும் கழுவி எடுத்துவிடும் என்று நம்பிக்கை. பெரிய பெரிய படிப்பு படித்தவர்கள் எல்லாம் டப்பா டப்பாவாக வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்படி ஒரு சீசனில், நல்ல சாரல் அடித்துக்கொண்டிருந்த காலையில், ஆட்டோவில் ஈரத் துண்டோடு வந்து இறங்கினார் சங்கரலிங்கம் அண்ணாச்சி. வாசுதேவநல்லூர். நெல்வயலும் எலுமிச்சைத் தோப்பும் உள்ள மனிதர். தலையில் எண்ணெய் வழிந்தது. கூடவே அவர் வீட்டம்மா கோமதி ஆச்சி, அவருடைய சட்டையையும் பல்செட்டையும் கையில் பிடித்துக்கொண்டு. இரண்டு பேரும் வருஷா வருஷம் குற்றாலத்தில் ரூம் எடுத்துத் தங்குகிறவர்கள். மகன் துபாயில்.

“என்ன அண்ணாச்சி செய்யுது?” என்றேன்.

“எனக்கு ஒண்ணும் செய்யலை தாயி. ஐந்தருவிப் படியில லேசா கண்ணைக் கட்டுச்சு, உக்காந்தேன். இந்த சவத்துப் பயலுவ தூக்கி ஆட்டோவுல போட்டுட்டானுவ.”

“வயிறு வலிக்கா?”

“வயிறா? எனக்கா?” என்று வயிற்றில் ஓங்கி ஒரு அடி அடித்துக் காட்டினார். “கல்லைப் போட்டாலும் அரைக்கும். வேணும்னா நீயும் அடிச்சுப் பாரு.”

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அந்த வாடை வந்துவிட்டது. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து, குடல் வழியாக வந்தால் ஒரு வாடை உண்டு. ஒருமுறை மோந்தவர்களுக்குச் சாகும்வரை மறக்காது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். துவைத்த வேட்டி மாதிரி வெளுத்திருந்தது. “வெளிக்குப் போறது என்ன நிறத்துல போகுது அண்ணாச்சி?” என்றேன். பொம்பளைப் பிள்ளை கேட்கிற கேள்வியா இது என்பதுபோல அவர் ஆச்சியைப் பார்த்தார்.

ஆச்சி என் காதோரம் வந்து சொன்னார். “நல்ல கருப்பாப் போகுதும்மா, தார் கணக்கா. இந்த வருசம் லேகியம் நல்லாக் கேக்குது, அழுக்கு பூராவும் வெளியேறுதுன்னு அவிய சந்தோசமா இருக்காவ. பக்கத்து ரூம்காரங்களுக்கும் சொல்லிருக்காவ.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, மனிதர் பக்கத்து ரூமுக்கு விளம்பரம் செய்திருக்கிறார்!

டாக்டர் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். “என்னெல்லாம் முழுங்குனீங்க?”

“ஒண்ணுமில்ல சார். பச்சத் தண்ணிகூட இல்ல. குளிச்சிட்டுத்தான் எல்லாம்.”

“ஏன், அந்தச் செட்டு மாத்திரை இருக்குல்லா” என்றார் ஆச்சி. “காலையில ஒரு செட்டு, சாயந்தரம் ஒரு செட்டு. நாந்தான் கட்டங்காப்பியோட கையில குடுப்பேன். முட்டியைப் பிடிச்சுக்கிட்டு அவிய படியேறுறதை என்னால பாக்க முடியலை சார்.”

டாக்டர் ஆச்சியை ஒன்றும் சொல்லவில்லை. குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். அண்ணாச்சி எழுந்துவிட்டார். “வலிச்சா நானே வாரேன் சார். வலிக்காத வயித்துல எதுக்குக் குழாயை விடணும்?” என்றார். இரண்டு எட்டு வைத்திருப்பார். நான் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் முழங்கால் மடங்கி, என் தோளில் சாய்ந்து, என் வெள்ளைச் சேலை முழுக்க ரத்தமாகக் கக்கினார். கக்கும்போதும் வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். “இவியளுக்கு ஒண்ணுன்னா எனக்கு யாரு தாயி இருக்கா? நாந்தான குடுத்தேன், நாந்தான குடுத்தேன்” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஆறுதல் சொல்ல எனக்கு நேரமில்லை. சொல்லவும் வராது.

இரண்டு கையிலும் ஊசி ஏற்றி, ரத்தத்துக்குச் சொல்லிவிட்டு, அண்ணாச்சியை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். தொண்டைக்கு மருந்தடித்தேன். வாயில் வளையத்தைச் செருகி, தாடையை ஒரு கையால் தாங்கி, “மூக்கால மூச்சு விடுங்க அண்ணாச்சி. எச்சியை முழுங்காதீங்க, வழியட்டும், நான் துடைக்கேன்” என்றேன். இந்த வசனத்தை என் சர்வீஸில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேனோ, தூக்கத்தில்கூடச் சொல்வேன் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

உள்ளே ஒன்றும் தெரியவில்லை. திரை முழுக்க ரத்தக்கட்டி. டாக்டர் தண்ணீரைப் பீய்ச்சினார், உறிஞ்சினார், மறுபடி பீய்ச்சினார். அவசரமே இல்லை. கழுவக் கழுவ, வயிற்றின் கீழ்ப்பகுதியில் குழிவாக ஒரு புண், அதன் நடுவில் சின்ன மொக்கு மாதிரி ரத்தக்குழாய், அதில் இருந்து துடித்துத் துடித்து ரத்தம் வந்தது. சுற்றிலும் மருந்து ஊசி போட்டார். பிறகு கிளிப். குழாயின் நுனியில் ரத்தக்குழாயைக் கவ்விப் பிடிக்கிற கிளிப் இருக்கும், இந்தப் பக்கம் அதன் கைப்பிடி என்னிடம் இருக்கும்.

“ஓப்பன் சிஸ்டர்.” திறந்தேன். “க்ளோஸ்.” மூடினேன். பிடித்தது, உடனே நழுவியது, பிடித்த இடமே கிழிந்து அங்கேயிருந்தும் கசிய ஆரம்பித்தது. வயதான வயிற்றில் அதுதான் தொல்லை, ஊறின அப்பளத்தில் சேஃப்டி பின் குத்துகிற வேலை. பிரஷர் இறங்குகிறது என்று பின்னால் குரல் கேட்டது. டாக்டர் குழாயை ஒரு நூல் பின்னுக்கு இழுத்தார். புண்ணின் ஓரத்தில் கொஞ்சம் உறுதியாக இருந்த சதையைத் தேடினார். “மெதுவா மூடுங்க. இன்னும் மெதுவா. அவ்வளவுதான்.” ரத்தம் நின்றது. அவர் குழாயை எடுக்கவில்லை. அப்படியே திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், மறுபடி கழுவிப் பார்த்தார், மறுபடி நின்றார். எனக்குக் கை மரத்துவிட்டது. பிறகு, “போதும்” என்றார்.

அண்ணாச்சி பிழைத்தார். கண் முழித்ததும் கேட்ட முதல் கேள்வி, லேகியத்தைத் தொடரலாமா என்பது.

வீட்டுக்கு அனுப்புகிற நாளில் ஆச்சி பை நிறைய மாத்திரை கொண்டுவந்திருந்தார். டாக்டர் ட்ரேயில் கொட்டினார். பாதிக்கு மேல் செட்டுக் கவர்கள்தான்; சீசன் முழுவதுக்கும் சேர்த்து வாங்கி வைத்திருக்கிறார்கள். அவற்றை ஒரு பக்கமாக ஒதுக்கி, “அண்ணாச்சி, இது இனிமே உங்களுக்கு ஆகாது. வலிக்கலைன்னா நல்லா இருக்குன்னு நெனைக்காதீங்க. உங்க வயசுல வலிக்காததுதான் பயம்” என்றார். அண்ணாச்சி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டினார்.

தலையாட்டினது மட்டுமில்லை. வாசுதேவநல்லூர் டீக்கடையில் அவர் பெரிய வயிற்று டாக்டர் ஆகிவிட்டார் என்று கேள்வி. வயதான ஆட்கள் யாரைப் பார்த்தாலும், “வேய், வயிறு வலிக்கா?” என்பாராம். இல்லை என்றால், “போச்சு, அப்ப உடனே தென்காசிக்குப் போம்” என்பாராம். இவருடைய உபத்திரவம் தாங்காமல், வலி இல்லாதவர்களும் இருக்கிறது என்று பொய் சொல்லித் தப்பித்திருக்கிறார்கள்.

அடுத்த சீசனில் இரண்டு பேரும் செக்கப்புக்கு வந்தார்கள். அண்ணாச்சி வெள்ளை வேட்டியும் விபூதியுமாக ஜம்மென்று நடந்து வந்தார். டாக்டர் இமையைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், ரிப்போர்ட்டைப் பார்த்தார், திருப்தி. ஆச்சி எங்கே என்று நான் எட்டிப் பார்த்தேன். அந்த அம்மாள் வராந்தாவில் பாதி வழியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

“என்ன ஆச்சி, நடக்க முடியலையா?”

“ஒண்ணுமில்ல தாயி. வயசாகுதுல்லா.”

கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. உள்ளங்கையைத் திருப்பினேன், ரேகையில்கூட ரத்தம் இல்லை. “ஆச்சி, என்ன முழுங்குதீங்க?” என்றேன்.

“நான் என்னத்த முழுங்குதேன்? ஒண்ணுமில்ல.”

“ஆச்சி!”

“அவியளுக்கு ஆகாதுன்னு டாக்டர் ஒதுக்கி வச்சாருல்லா, அந்தச் செட்டுதான். அம்புட்டையும் குப்பையிலயா போட முடியும்? எனக்கும் முட்டி வலிதான். அது தீந்ததும் நல்லாத்தான இருக்குன்னு மேலயும் வாங்கிக்கிட்டேன். எனக்கு வயித்துவலி ஒண்ணும் கிடையாது தாயி, சத்தியமா.”

“வெளிக்குப் போறது?”

“கருப்பாத்தான் போகுது. அவியகிட்ட சொல்லிராத. பயந்துருவாவ.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த அம்மாளை அடித்திருப்பேன். ஆகாது என்று ஒதுக்கியதைத் திருப்பிப் பையில் போட்டுக் கொடுத்த எங்களை யார் அடிப்பது என்று யோசித்து அடக்கிக்கொண்டேன். பெஞ்சிலிருந்து எழுப்பினால் விழுந்துவிடுவார் என்று தோன்றியது. ஸ்ட்ரெச்சரைக் கூப்பிட்டு, வரிசையில் நின்றவர்களை எல்லாம் ஏசி விலக்கி, நேரே வயித்து ரூமுக்குக் கொண்டுபோனேன். அண்ணாச்சி பின்னாலேயே ஓடிவந்தார். கதவருகே ஆச்சியின் கம்மலையும் வளையலையும் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். ஆச்சியின் வெளுத்த முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது.

ஆச்சிக்கு இரண்டு இடத்தில் புண். ஒன்று கசிந்துகொண்டே இருந்தது. டாக்டர் கிளிப் போட்டு, ரத்தம் ஏற்றி, ஆள் தேறிப் பல நாள் கழித்து வீட்டுக்குப் போனதெல்லாம் பிறகு. அந்த நேரத்தில் அது யாருக்கும் தெரியாது. முதல் கிளிப் நிற்கவில்லை. “ரத்தப் பை வந்துருச்சான்னு பாருங்க சிஸ்டர்” என்று டாக்டர் என்னைத்தான் அனுப்பினார். பக்கத்தில் நின்ற நர்ஸிடம் தாடையைக் கொடுத்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.

அண்ணாச்சி கதவை ஒட்டியே நின்றார். வளையல்களைக் கைக்குள்ளேயே வைத்திருந்தார்.

“தாயி, வயிறு வலிக்குன்னு சொன்னாளா?”

வலிக்காவிட்டால்தான் ஆபத்து என்பது ஊர் முழுக்க அவர் சொல்லித் திரிந்த பாடம். அவருக்கு நான் என்ன விளக்குவது?

“ஒரு தடவையாவது வலிக்குன்னு சொன்னாளா? சொல்லு தாயி.”

யாரிடமும் எதையும் பூசி மெழுகிப் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அதனாலேயே ஆஸ்பத்திரியில் எனக்குப் பல பெயர் உண்டு. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்து, “நல்லா வலிக்குன்னாங்க அண்ணாச்சி. தாங்க முடியலைன்னாங்க” என்றேன்.

“அப்பாடா” என்று சுவரில் சாய்ந்து, வளையல்களோடு சேர்த்து இரண்டு கையையும் குவித்து என்னைக் கும்பிட்டார். பெண்டாட்டிக்கு வலிக்கிறது என்று கேட்டுச் சந்தோஷத்தில் அழுத மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் ரத்தப் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.